வெளிநாட்டில் பொது சுகாதார முதுகலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்புக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நானும் மாணவர் விசாவில் போய் இந்தப் படிப்பை முடித்து வந்தவள்தான். போவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்த விஷயங்களுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் சமயத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

எம்.பி.எச். படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் என்பதன் சுருக்கம் எம்.பி.எச். மருத்துவர் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்கிறார். மருத்துவமனைப் பக்கமே வராதவர்களையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குவது இந்தப் படிப்பு.

எனக்கு இது முதல் வாரத்திலேயே உறைத்தது. லண்டனின் சோஹோ பகுதியில் 1854-ல் பரவிய காலராவைப் பற்றி ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். பிராட் தெரு பம்பைச் சுற்றி மரணங்கள் குவிந்திருந்ததையும், அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சொன்னதையும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் பேராசிரியர் கேட்டது வேறு: "செத்தவர்களை எண்ணிவிட்டீர்கள், சரி. சாகாதவர்கள் எங்கே?" பம்புக்குப் பக்கத்திலேயே ஏழைகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. உள்ளே 535 பேர். காலராவில் இறந்தது 5 பேர்தான். அங்கே தனிக் கிணறு இருந்தது. அருகிலிருந்த பீர் வடிப்பாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள். காலராவுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. அவர்கள் தெருப் பம்பை நாடவே இல்லை. ஸ்னோவின் வாதத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் இந்தப் பிழைத்தவர்களும் உண்டு.

பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று படித்தோம் இல்லையா? செய்தித்தாளில் வருவது எப்போதும் தொகுதிதான்: இத்தனை பேருக்கு நோய், இத்தனை பேர் மரணம். எத்தனை பேரில் இத்தனை என்று பகுதியைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் படிப்பின் பாதி கைக்கு வந்துவிட்டது. எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிர்ப் புள்ளியியல்), சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கை மற்றும் நிர்வாகம், சமூக நடத்தை அறிவியல் என்று பாடங்கள் பல பெயர்களில் வந்தாலும் அடியில் ஓடுவது அந்த ஒரே கேள்விதான்.

நான் டாக்டர் இல்லை. சேர முடியுமா?

தாராளமாக. என் வகுப்பில் செவிலியர், பல் மருத்துவர், பொறியாளர், சமூகப் பணியாளர், பத்திரிகையாளர் எல்லோரும் இருந்தார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டத்தைத்தான் கேட்கின்றன. சில மட்டும் மருத்துவப் பட்டமோ களப்பணி அனுபவமோ வேண்டும் என்று சொல்கின்றன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பட்டம் வாங்கியவுடன் நேராகப் போவதைவிட ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது. வகுப்பில் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்க உங்களிடம் ஒரு இடம் இருக்கும்.

எம்.பி.எச்., எம்.எஸ்ஸி. இரண்டில் எது?

எம்.பி.எச். பொதுவாகத் தொழில் சார்ந்தது, அகலமானது. எம்.எஸ்ஸி. ஒரு துறையில் ஆழமாக இறங்கும், பிஎச்.டி. போகிறவர்களுக்கு வசதி. ஆனால் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இந்த எல்லை அவ்வளவு கறாராக இல்லை. பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைப் படியுங்கள். புள்ளியியல் எத்தனை தாள், களப்பணி உண்டா, ஆய்வேடு கட்டாயமா என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

எந்த நாட்டுக்குப் போகலாம்?

நாட்டைப் பொறுத்துப் படிப்பின் காலமே மாறுகிறது. பிரிட்டனில் பெரும்பாலும் ஒரே வருடம். அந்த வருடம் ஓடும் வேகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். குளிர்காலம் முடிவதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வருடம். அங்கீகார அமைப்பான செஃப் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 42 கிரெடிட். செஃப் அங்கீகாரம் இல்லாத அமெரிக்க எம்.பி.எச்.சில் சேரும் முன் நன்றாக விசாரியுங்கள். அங்கே பல கல்லூரிகளுக்கு சோஃபாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை மதிப்பீடு செய்து வாங்க அதில் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவுக்கு அங்கே குறைந்தது இரண்டு கல்வியாண்டுப் படிப்பு, அதாவது 92 வாரம், பதிவாகியிருக்க வேண்டும். ஒரு வருட எம்.பி.எச். சீக்கிரம் முடிகிறதே என்று சேர்ந்துவிட்டுக் கடைசியில் இதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. கனடாவில் நிலைமை நேர்மாறு. தகுதியுள்ள முதுகலை இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் மூன்று வருட வேலை அனுமதிக்கு வாய்ப்பு இருக்கிறது.

ஐரோப்பாவை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம். ஆன்ட்வெர்ப்பின் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம், பாஸலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிஸ் டி.பி.எச். நிறுவனம், ஆம்ஸ்டர்டாமின் கே.ஐ.டி. நிறுவனம், ஜெர்மனியின் ஹைடல்பெர்க், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா எல்லாமே உலக சுகாதாரத்தில் பெயர் பெற்றவை, ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் ஒன்றான யூரோபப்ஹெல்த்தில் முதல் வருடம் ஒரு நாட்டிலும் இரண்டாம் வருடம் இன்னொரு நாட்டிலும் படிக்கலாம்.

வெளிநாடு என்றால் பணக்கார நாடாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பாங்காக்கின் மஹிடோல், டாக்காவில் பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பள்ளி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகங்கள் ஆகிய இடங்களில் நோயும் களமும் வகுப்பறைக்கு வெளியிலேயே இருக்கின்றன. டெங்கு, காசநோய், தாய்சேய் நலம் உங்கள் ஆர்வம் என்றால் இவற்றையும் பட்டியலில் வையுங்கள்.

தரவரிசையைப் பார்த்து முடிவு செய்யலாமா?

ஆரம்பத்தில் ஒரு நீளப் பட்டியல் போட அது உதவும். அதற்குப் பிறகு மூடி வைத்துவிடுங்கள். 1899-ல் தொடங்கிய லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினும் 1916-ல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியும் பெரிய பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஆர்வமுள்ள விஷயத்தில் வேலை செய்கிற ஆசிரியர் அங்கே இருக்கிறாரா, முதுகலை மாணவர்களை அவர் தன் ஆய்வில் சேர்த்துக்கொள்கிறாரா என்பதுதான் உங்கள் வருடத்தைத் தீர்மானிக்கும். அந்தத் துறையின் கடந்த மூன்று நான்கு ஆண்டு ஆய்வேட்டுத் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். இப்போது படிக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு எழுதி, "ஆய்வேட்டு வழிகாட்டி உங்களை எத்தனை முறை சந்தித்தார்?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் எந்தத் தரவரிசையும் சொல்லாததைச் சொல்லும்.

எஸ்.ஓ.பி. (எதற்காகப் படிக்கப் போகிறேன் என்று விளக்கும் கடிதம்) எப்படி எழுதுவது?

என்னிடம் படிக்கத் தரப்படும் எஸ்.ஓ.பி.களில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: "சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டு." எழுதியவரின் மனதில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அது யாருடைய கடிதமாகவும் ஆகிவிடும்.

ஒரு செவிலியர் எனக்கு இப்படித்தான் ஒரு வரைவை அனுப்பினார். "நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் உங்களை உறுத்தும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது. இருமல் நின்றதும் ஆளும் வருவதை நிறுத்திவிடுகிறார். அதிலும் தினக்கூலி ஆட்கள்தான் முதலில் நிற்கிறார்கள்." இதைத்தான் முதல் பத்தியாக எழுதச் சொன்னேன். இதில் ஒரு நோய் இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது, ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது, விடை தெரியாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. பிறகு, அந்தக் கேள்விக்கு என்னென்ன கற்க வேண்டியிருக்கிறது, அது ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் என்று இரண்டு பத்தி. முடித்த பின் எங்கே திரும்பி வேலை செய்யப் போகிறார் என்று ஒரு பத்தி. அவ்வளவுதான்.

எதற்காகப் போகிறீர்கள் என்பது கேள்வி வடிவில் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். எஸ்.ஓ.பி.யோடு அது முடிவதில்லை. விருப்பப் பாடம் தேர்வு செய்வது, வழிகாட்டியைத் தேடுவது, வேலைக்கு விண்ணப்பிப்பது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அதுதான் வழி காட்டும்.

ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள். அந்தச் செவிலியரின் மூன்று வரிகளை எந்தக் கருவியும் தந்திருக்காது.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்தான் வேண்டும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். நீங்கள் செய்த வேலைகளை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் எளிது.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் பலர் அட்மிஷன் கடிதம் வந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் கதவு மூடியிருக்கும். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகையின் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடும். படிப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டு செப்டம்பரில். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவமும் வேண்டும். எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளுக்குக் குளிர்காலத்திலேயே கெடு வந்துவிடும். ஜெர்மனியின் டாட் அமைப்பு வளரும் நாட்டினருக்கென்று தரும் ஈபோஸ் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். கடைசிப் பட்டம் வாங்கிப் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட், காமன்வெல்த், ஆஸ்திரேலியா அவார்ட்ஸ், ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் உதவித்தொகைகளையும் பாருங்கள். இவற்றில் எது எந்த நாட்டினருக்குத் திறந்திருக்கிறது என்பது வேறுபடும்.

இவற்றில் பலவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. செவனிங்கில் படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவோடு இதே இரண்டு வருட விதி ஒட்டிக்கொண்டு வரும். அங்கேயே வேலை தேடும் எண்ணம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். பொது சுகாதாரத்தைப் பொறுத்தவரை அந்த நிபந்தனை நியாயமானது என்பது என் கருத்து.

முழு உதவித்தொகை கிடைக்காமல் பெரும் கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், ஒரு வருடம் தள்ளிப்போட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் துறையின் சம்பளம் அந்தக் கடனைச் சுலபமாக அடைக்க விடாது.

எனக்குக் கணக்கு வராது. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸில் தேறுவேனா?

தேறுவீர்கள். இங்கே வேண்டியது சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் திறமை இல்லை. காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு தரவு சொல்கிறது என்று வையுங்கள். காபியா காரணம்? காபி குடிப்பவர்களில் புகைப்பவர்கள் அதிகமாக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றினால் கன்ஃபவுண்டிங் என்ற பாடத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். அந்தச் சந்தேகத்தை எண்ணாக மாற்றும் வேலையை மென்பொருள் செய்யும்.

போவதற்கு முன் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். அது இலவசம். ஒரு சின்ன அட்டவணையைத் திறந்து, சராசரி கண்டு, இரண்டு குழுக்களை ஒப்பிட்டுப் படம் வரையத் தெரிந்தால் முதல் மாதத்து மூச்சுத் திணறல் பாதி குறையும். ஸ்டேட்டா, எஸ்.ஏ.எஸ். போன்ற மற்ற மென்பொருள்களைப் பல்கலைக்கழகமே தரும். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்பும் தேர்வும் எப்படி இருக்கும்?

மனப்பாடத் தேர்வு குறைவு. ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து அதன் குறைகளைச் சொல்லச் சொல்வார்கள். பெரிய இதழில் வந்ததைக் குறை சொல்ல நாம் யார் என்ற தயக்கம் எனக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒருநாள் பேராசிரியர் தன் சொந்தக் கட்டுரையையே எடுத்து வைத்து, "இதில் எங்கே தவறினேன்?" என்று கேட்டார். தயக்கம் அன்றைக்குப் போயிற்று.

இன்னொருவர் வாக்கியத்தை மேற்கோள் இல்லாமல் எடுத்தாள்வது அங்கே பெரிய குற்றம். தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது. பல்கலைக்கழக நூலகம் நடத்தும் எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு முதல் வாரமே போய்விடுங்கள்.

ஆய்வேட்டுக்கு என் சொந்த நாட்டில் தரவு சேகரிக்கலாமா?

சேகரிக்கலாம். ஆனால் அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன். மக்களிடம் நேர்காணல் எடுப்பதாகத் திட்டம் போட்டு, மே மாதம் எத்திக்ஸ் (ஆய்வு நெறிமுறை) குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: தரவு எடுக்கும் நாட்டிலிருந்தும் எத்திக்ஸ் அனுமதி வேண்டும். அங்கே கேட்டால், குழு அடுத்து கூடுவதே ஜூலையில்தான் என்றார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியது செப்டம்பர் முதல் வாரம். வழிகாட்டியின் அறையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். அவர் காகிதத்தில் ஒரு நாட்காட்டி வரைந்து, மீதமுள்ள வாரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். பதினொன்று. நேர்காணலைக் கைவிட்டு, ஏற்கனவே வெளியான கணக்கெடுப்புத் தரவை வைத்து அதே கேள்வியை வேறு கோணத்தில் எழுதி முடித்தேன்.

ஆகவே, மனிதர்களிடம் நேரடியாகத் தரவு எடுப்பதாக இருந்தால் இரண்டு நாட்டு எத்திக்ஸ் அனுமதிக்கும் ஜனவரியிலேயே தொடங்குங்கள். ஒரு வருடப் படிப்பில் அது முடியாது என்று தோன்றினால், யுனிசெஃப்பின் மிக்ஸ் கணக்கெடுப்பு போன்ற தரவுகள் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்கனவே இருக்கும் தரவில் ஆய்வு செய்வது இரண்டாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டி வாங்கிய பதில்கள் படிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன. அதற்கும் வழிகாட்டியிடம் கேட்டு எத்திக்ஸ் விலக்குக் கடிதம் தேவையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிக்கும்போது வேலை பார்க்கலாமா?

பிரிட்டனில் பொதுவாகக் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம். அமெரிக்காவில் வளாகத்துக்குள் 20 மணி நேரம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். வரம்பை ஒரு மணி நேரம்கூட மீறாதீர்கள், விசாவே போய்விடும். ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தால் ஊதியம் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

குடும்பத்தை அழைத்துப் போகலாமா?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் ஜனவரி 2024 முதல் தொடங்கும் பாடவழி (ஆய்வுப் படிப்பு அல்லாத) முதுகலைப் படிப்புகளுக்குச் சில விதிவிலக்குகள் தவிர அனுமதி இல்லை. குழந்தை உள்ளவர்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.எச். முடித்தால் அங்கே மருத்துவராகப் பணியாற்றலாமா?

முடியாது. இது சிகிச்சை அளிப்பதற்கான பட்டம் இல்லை. அதற்கு அந்த நாட்டின் உரிமத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும்.

அங்கேயே வேலை கிடைக்குமா?

இதை மறைக்காமல் சொல்கிறேன், இப்போது கடினம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு வெளிநாட்டு உதவித் திட்டங்களை நிறுத்திவிட்டது. அதை நம்பி இயங்கிய அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன. அனுபவம் உள்ளவர்களும் புதிதாகப் படித்து வந்தவர்களும் ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறார்கள். அரசு சுகாதாரத் துறைகளில் பல பதவிகள் குடிமக்களுக்கு மட்டும் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

விசாக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவருக்கு 12 மாத ஓ.பி.டி., அதாவது படிப்பு சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் மேலும் 24 மாதம். எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கின்றன; பொது எம்.பி.எச். இல்லை. ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படித்த இருவரில் ஒருவருக்கு ஒரு வருடம், மற்றவருக்கு மூன்று வருடம். அட்மிஷன் கடிதத்தில் உங்கள் படிப்பு எந்த வகை என்று காட்டும் சி.ஐ.பி. எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். படிப்புக்குப் பின் வேலை பார்க்க பிரிட்டன் தரும் கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான்.

அப்படியும் வேலை கிடைக்கிறவர்கள் யார்? தரவைச் சுத்தம் செய்து, அலசி, அதை அமைச்சருக்கும் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிப் பணிக்கும் முயன்று பாருங்கள். இப்போது அதற்கு உதவித்தொகையும் தருகிறார்கள்.

தனியாக இருப்பது கஷ்டமாக இருக்குமா?

இருக்கும். நவம்பர், டிசம்பரில் அதிகமாக இருக்கும். வட ஐரோப்பிய நாடுகளில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆளிருக்காது. தாய்மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் மூன்று நாள் ஓடிவிட்டதை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் உணர்ந்தேன். அன்று அடுத்த அறை மாணவியின் கதவைத் தட்டி, சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டேன். அவளும் அதே நிலையில்தான் இருந்தாள். வருடம் முழுக்க ஞாயிறு மாலை ஐந்து பேர் அந்த அறையில் உட்கார்ந்து புள்ளியியல் கணக்குப் போட்டோம். பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கவும் தயங்காதீர்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால் தேவை முற்றும் முன்பே பதிவு செய்யுங்கள்.

கிளம்பும் முன் எந்தக் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்?

மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, அட்மிஷன் கடிதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தடுப்பூசிச் சான்று மறந்துபோகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தட்டம்மை தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் கேட்கும். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று இப்போதே தேடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் மறுபடி போட்டுக்கொள்ள நாள் வேண்டும். பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள், காசநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் தங்கள் நாடும் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். அதைப் பெட்டிக்குள் போட்டு ஏற்றிவிடாதீர்கள். தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும் இடத்தில் கேட்கலாம்.